நாலடிப் பிரசங்க பீடம்

சத்தியமா சொல்றேன், எம் பொஞ்சாதி தலைல அடிச்சு சொல்லலாம்னா அவ தலையக் குடுக்க மாட்டா, அதனால என் தலைல நானே அடிச்சுக்கினு சொல்றேன், இதுல ஒரு வார்த்தை கூட பொய்யி கெடையாது. பொய் சொல்லணும்னு குந்தினா இத்த விட நம்புற மாதிரி சொல்லத் தெரியாதா எனக்கு? நாலு எழுத்துதான் படிச்சவன், அந்த நாலும் பொய் சொல்லப் பத்தாதுய்யா. அதனால வாய மூடிக்கினு கேளுங்க.

வேடங்குளத்துல பஸ் ஸ்டாண்டு தாண்டி, ஐஸ் பேக்டரி தாண்டி, வேப்ப மரத்துக்குப் பின்னாடி ஒரு செமினரி இருக்குது. பிரஸ்பிட்டேரியன் செமினரி. டிகிரி முடிச்சவங்க மேற்கொண்டு போதகருக்குப் படிக்கிற எடம். எவ்ளோ பெருசுன்னு கேக்காதீங்க, மொத்தம் பதினோரு ஸ்டூடண்டு, நாலு வாத்தியாரு, பதினேழு கமிட்டி. ஆமா, ஆளுங்கள விட கமிட்டிதான் ஜாஸ்தி. ஏன்னா அந்த சபையில எதையுமே ஒரு ஆளு முடிவு பண்ணக் கூடாது, கூடி முடிவு பண்ணணும், ஒருத்தரு பிரேரிக்கணும், இன்னொருத்தரு ஆமோதிக்கணும், மூணாவது ஆளு மினிட்ஸ் புக்குல எழுதணும். மெஸ்ஸுல சாம்பார்ல உப்பு கம்மின்னா கூட அத்த ஒருத்தன் பிரேரிக்கணும். சமையல்கார அஞ்சலை அக்கா மட்டுந்தான் கமிட்டி இல்லாம உப்பு போடும், அதுக்கும் வருசத்துல ரெண்டு நோட்டீஸ் வரும், அந்த நோட்டீஸ்ல அக்கா அடுப்பு பத்த வெச்சுக்கும்.

அந்தப் பதினோரு பேர்ல ஒருத்தன் நெகேமியா. வயசு முப்பத்தாறு. செமினரிக்கு வர்றதுக்கு முன்னாடி பதினாலு வருசம் பிரைவேட் பஸ்ஸுல கண்டக்டர், அதுலயே குந்திக்கினு தபால் வழியா பி.ஏ. முடிச்சவன். ஒரு நாளு ஃபுட்போர்டுல தொங்கிக்கினு வரும்போது ஆண்டவர் கூப்பிட்டாருன்னு சொன்னான். இத்தனை ஹாரன் சத்தத்துல எப்படிய்யா கேட்டுச்சுன்னு டிரைவர் கேட்டதுக்கு, "அவரு என்னை விட சத்தமா கூப்பிட்டாருண்ணே"ன்னு சொல்லிட்டு, விசில டிரைவர் கைல குடுத்துட்டு வந்துட்டான்.

ஆளு தங்கம். படிப்பும் மோசம் இல்ல. ஆனா பிரசங்கப் பரீட்சையில ரெண்டு தடவை ஃபெயிலு. மொத தடவை நடு பிரசங்கத்துல வாய் தவறி "உள்ள போ, உள்ள போ"ன்னு கத்திட்டான், முன்வரிசையில குந்தியிருந்த பிரின்சிபால் பயந்து எழுந்து உள்ள போயிட்டாரு. ரெண்டாவது தடவை ஆசீர்வாதம் கூறி முடிச்சதும் பழக்க தோசத்துல ரெண்டு விரல வாயில வெச்சு ஒரு விசில் அடிச்சான் பாரு, ஒயர்ல குந்தியிருந்த காக்கா எல்லாம் எறங்கிடுச்சு. பிரசங்கம் சொல்லிக் குடுக்கிற சத்தியவாசகம் ஐயா மார்க் ஷீட்டுல எழுதுனாரு: 'கருத்து நன்று, குரல் பேருந்து நிலையம்.'

மூணாவது தடவையும் ஃபெயிலுன்னா செமினரி சீட்டு கிழிஞ்சிடும், அது சட்டம். இதுல இன்னொண்ணு, மேலக்காடுன்னு ஒரு ஊரு, நாப்பத்தோரு குடும்பம், மூணு வருசமா போதகர் இல்லாம, செத்தா அடக்கம் பண்ணக் கூட பக்கத்து ஊர் ஐயாவ கூப்ட்டுக்கினு இருந்த சபை, அவங்க நெகேமியாவ விரும்பி எங்களுக்குப் போதகரா வாங்கன்னு அழைப்புக் கடுதாசி குடுத்துட்டாங்க. ஈஸ்டர் முடிஞ்சு ஏழாவது வாரம் வர்ற பெந்தெகொஸ்தே பண்டிகைக்குள்ள பாஸ் பண்ணணும், இல்லன்னா வேற ஆளுன்னு கடைசி வரியில இருந்துச்சு. நெகேமியா பொஞ்சாதி தபீத்தாளு அந்தக் கடைசி வரியப் படிக்கவே இல்ல. மொத வரியப் படிச்சதுமே அம்மா வூட்ல இருந்த பாத்திரத்தை எல்லாம் மூட்டை கட்டி வெச்சிட்டு, போன் பண்ணி, "இந்தா பாரு, ரெண்டு புள்ளைங்களையும் இட்டுக்கினு இன்னும் எத்தினி நாளு அண்ணிகாரி மூஞ்சில முழிக்கிறது, இந்தத் தடவை நீ ஊமையாவாச்சும் பாஸ் பண்ணு"ன்னு சொல்லிட்டா.

இங்க இப்படி இருக்கும்போது, ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற லெந்து நாள்ல ஒரு திங்கக்கெழமை காலையில, ஆலயத்துல இருந்த பிரசங்க பீடம் துளிர் விட்டுச்சு.

பீடம்னா நூத்திருபது வருசத்துப் பீடம். ஸ்காட்லாந்துல இருந்து வந்த வெள்ளைக்கார ஐயா ஒருத்தரு பலா மரத்துல செய்ய வெச்சது, ஒசரம் நாலடி, ஏற மூணு படி. அதோட நாலு காலும் தரையப் பொளந்துக்கினு வேர் வுட்டு, காலு நாலும் ஒண்ணா சேர்ந்து தண்டாகி, பெட்டி மாதிரி இருக்கிற மேல் பாகம் அப்படியே தலைல வெச்ச கூடையாட்டம் நாளைக்கு ஒரு சாண் ஒரு சாணா மேல போக ஆரம்பிச்சுது. மொத நாளு பார்த்தது ஆலயத்தைப் பெருக்க வந்த அஞ்சலை அக்கா. பார்த்துட்டு இன்னா பண்ணுச்சு? ஒரு சொம்பு தண்ணி ஊத்திட்டுப் போயிடுச்சு. செடின்னா தண்ணி ஊத்தணும், அவ்ளோதானே.

வாத்தியாருங்களுக்குத்தான் பெரிய வம்பாப் போச்சு. ஏன்னா அவங்க கொள்கைப்படி அற்புதம் எல்லாம் இயேசுவோட சீசருங்க, அதான் அப்போஸ்தலர், அவங்க காலத்தோட முடிஞ்சு போச்சு. வருசா வருசம் அதைப் பரீட்சையில கேள்வியா வெச்சு, 'முடிந்துவிட்டது'ன்னு எழுதினவனுக்குத்தான் மார்க்கு குடுத்துக்கினு இருக்காங்க. அதுவும் போகட்டும், ரோட்டுக்கு அந்தாண்ட தகரக் கொட்டாய்ல ஜெயசிங் பாஸ்டரோட பெந்தெகொஸ்தே சபை இருக்குது, டிரம்ஸ், கீபோர்டு, நாலு ஸ்பீக்கரு, வெள்ளிக்கெழமை தோறும் அற்புதம். நூறு வருசமா அற்புதம் கெடையாதுன்னு இவங்க சொல்லிட்டு, இப்போ இவங்க வூட்லயே ஒண்ணு மொளைச்சா அந்தாண்ட இன்னா சிரிப்பு சிரிப்பாங்க?

பிரின்சிபால் பாக்கியநாதன் ஐயா, பெரிய டாக்டரேட்டு, அவசரக் கூட்டம் போட்டாரு. இது அற்புதமா இல்லையான்னு கொள்கைக் கமிட்டி பார்க்கட்டும்னு ஒருத்தரு. இல்ல, மரத்துல ஆனது, அதனால மராமத்துக் கமிட்டிதான் பார்க்கணும்னு இன்னொருத்தரு. மூணு மணி நேரம் பேசி, மராமத்துன்னே முடிவு ஆச்சு. ரிட்டயர்டு ரிஜிஸ்டிரார் ஆபீஸ் கிளார்க்கு, சபை மூப்பர் தங்கையா, அவருதான் செயலாளரு, மூக்குக் கண்ணாடிய ஏத்திவிட்டுக்கினு அழகான கையெழுத்துல எழுதினாரு: 'பீடத்தின் உயரம் நான்கு அடி என ஏற்கெனவே பதிவாகி இருப்பதால், அதை மறுபடி அளக்கத் தேவை இல்லை எனத் தீர்மானிக்கப்பட்டது.' ஆமோதிச்சாச்சு. கையெழுத்துப் போட்டாச்சு. அன்னிக்கு அந்தப் பீடம் ஏழடி.

அதுக்கப்புறம் அது பாட்டுக்கு வளந்துச்சு, இவங்க பாட்டுக்கு இருந்தாங்க. கூரை இடிச்சப்போ ஓடு பூராவும் பிரிச்சுவுட்டு 'காற்றோட்டத்திற்காக'ன்னு எழுதினாங்க. ஏறுறதுக்குச் சவுக்குக் கழியில ஏணி கட்டி 'படிகள் பழுது பார்க்கப்பட்டன'ன்னு எழுதினாங்க. தண்டு பூரா பலாப் பிஞ்சு காய்ச்சுத் தொங்கிச்சு, அதுக்கு இன்னா எழுதுறதுன்னு தெரியாம 'அலங்காரம்'னு எழுதினாங்க. அஞ்சலை அக்கா எழுதல, பறிச்சு ஆக்குச்சு. காலையில பலாக்காய்க் கூட்டு, மத்தியானம் பலாக்காய்க் குழம்பு, சாயங்காலம் பலாக்கொட்டை சுண்டல். பதினோரு பேரும் எபிரெயப் பாடத்துல ஏப்பம் வுட்டா ரூம்பு பூரா பலா வாசனை. தேனீ வந்து கூடு கட்டுச்சு. மின்வாரியத்து ஆளுங்க கெளை ஒயர்ல ஒரசுதுன்னு வெட்ட வந்தாங்க, தங்கையா மூப்பர் மினிட்ஸ் புக்க நீட்டி, "நாலடிப் பீடம் எப்படித் தம்பி ஒயர்ல ஒரசும், நல்லாப் படிச்சுப் பாருங்க"ன்னாரு. அவங்க படிச்சாங்க, மேல பார்த்தாங்க, திரும்பவும் படிச்சாங்க, சர்க்காரு ஆளுங்களாச்சே, எழுதினதுக்கு மரியாத தெரியும், ஒயர ரெண்டடி தள்ளிக் கட்டிட்டுப் போயிட்டாங்க.

ஜெயசிங் பாஸ்டரு மதில் மேல ஏறி நின்னுக்கினு தெனமும் கேப்பாரு. "ஐயா, இது அற்புதந்தானே?"

பிரின்சிபாலு தலையத் தூக்காமயே சொல்லுவாரு. "இல்ல பாஸ்டர். மராமத்து."

இதுல ஜாலியானவங்க யாருன்னா பரீட்சை எழுதின பசங்கதான். சட்டப்படி இருவது நிமிசம் பீடத்துல நின்னுதான் பிரசங்கம் பண்ணணும். மேல ஏறி நின்னு அவன் ஒண்ணு பேசுவான், காத்து ஒண்ணு பேசும், கீழ குந்தி மார்க்கு போடுற மூணு பேருக்கும் ஒரு எழுத்து கேக்காது. கேக்கலன்னு சொன்னா ஏன் கேக்கலன்னு வரும், ஒசரம்னு சொல்லணும், சொல்ல முடியுமா? அதனால தலைய ஆட்டி ஆட்டி, "அருமை, ஆழமான கருத்து"ன்னு மார்க்கு போட்டாங்க. ஒருத்தன் மேல நின்னு இருவது நிமிசமும் வூட்டுக்குப் போன் பேசினான், எழுவத்தெட்டு மார்க்கு.

பத்து பேரும் பாஸு. மிச்சம் நெகேமியா. அவனுக்கு இன்னா பிரச்சினைன்னா, ஒசரம்னா பயம். சும்மா பயம் இல்ல, பஸ்ஸு மேல லக்கேஜ் ஏத்துறதுக்குக் கூட பதினாலு வருசமும் கிளீனரைத்தான் ஏத்துவான், இவன் கீழ நின்னு "பாத்துடா பாத்துடா"ன்னு வேர்த்து வழிவான். அவன் பிரின்சிபால் ரூமுக்குப் போய் நின்னான்.

"ஐயா, நான் கீழயே நின்னு பிரசங்கம் பண்ணிடுறேன்யா."

"பீடத்துல நின்னுதான் பண்ணணும் தம்பி, சட்டம்."

"அது ரொம்ப ஒசரமா இருக்குதுங்களே ஐயா."

"நாலடி தம்பி," ன்னாரு பிரின்சிபாலு, ஜன்னல் பக்கம் பார்க்காம. "நாலடிக்கா பயப்படுற?"

பண்டிகைக்கு ரெண்டு நாளு முன்னாடி வெள்ளிக்கெழமை காலையில பத்து மணிக்குப் பரீட்சை. கீழ மூணு நாற்காலி, பிரின்சிபாலு, சத்தியவாசகம் ஐயா, மூப்பர் தங்கையா. பின்னாடி பத்து பசங்க. கதவோரம் கரண்டியோட அஞ்சலை அக்கா. மதில் மேல ஜெயசிங் பாஸ்டரும் அவரு சபையில பாதியும். நெகேமியா கண்ண இறுக்கி மூடிக்கினு ஏணியில கால வெச்சான். கண்ணத் தொறந்தா வுழுந்துடுவோம்னு தெரியும், அதனால ஒவ்வொரு கழிக்கும் தன்னோட பழைய ரூட்டுல ஒவ்வொரு ஸ்டாப்பா பேரு சொல்லிக்கினே ஏறினான். ரயில்வே கேட்டு, ஆஸ்பத்திரி, ரைஸ் மில்லு, கூட்ரோடு, கல்லு கொட்டாய். அம்பத்தி மூணாவது ஸ்டாப்பு டெர்மினஸ்ஸு. கையி பெட்டியத் தொட்டுச்சு. உள்ள ஏறி நின்னான். கண்ணத் தொறந்தான்.

தொறந்ததும் கையில வெச்சிருந்த பிரசங்கப் பேப்பர் பறந்து போச்சு. பாவி மனுசன் மூணு பாயிண்டு, ஒரு முன்னுரை, ஒரு முடிவுரை, ராத்திரி பகலா எழுதினது, தேன்கூட்டைச் சுத்திட்டு ஐஸ் பேக்டரிப் பக்கம் போயிடுச்சு. பெட்டி விளிம்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினான். வேடங்குளம் பூரா காலுக்குக் கீழ கெடக்குது. அங்க பஸ் ஸ்டாண்டுல மேலக்காட்டுப் பஸ்ஸு நிக்குது. படியில எட்டு பேரு தொங்குறான், கீழ பதினஞ்சு பேரு ஏற முடியாம அடிச்சுக்கிறான், ஒரு பொம்பள கொழந்தையோட அழுவுது. மேல இருந்து பார்க்கிறவனுக்கு மட்டும் இன்னா தெரியுதுன்னா, பஸ்ஸு நடுவுல காலி. ஏறுனவன் எல்லாம் ஏறுன எடத்துலயே நின்னுட்டான்.

நெகேமியா பயத்தை மறந்துட்டான். பிரசங்கத்தையும் மறந்துட்டான். வாயத் தொறந்தான்.

"உள்ள போ! உள்ள எடம் இருக்குது, உள்ள போ! ஏறுனியே, ஏறுன எடத்துலயே நின்னுக்கினா பின்னாடி வர்றவன் எங்க போவான்? கதவுல நிக்கிறதுக்காடா கூப்பிட்டாரு உன்னை? ஒரு அடி உள்ள போ, ஒரே ஒரு அடி, வெயில்ல ஒருத்தி கொழந்தைய வெச்சுக்கினு நிக்கிறா பாரு! எடம் இல்ல எடம் இல்லன்னு கத்துறது யாரு? ஏறுனவன்தான்! மேல நிக்கிறவனுக்குத் தெரியும்டா எடம் இருக்குதுன்னு!"

அந்தக் குரலு இருக்குதே, பதினாலு வருசம் டீசல் இன்ஜினோட சண்டை போட்ட குரலு, அது நாப்பதடி மேல இருந்து எறங்கி ஊரு பூரா பரவுச்சு. பஸ் ஸ்டாண்டுல படியில தொங்குன எட்டு பேரும் கமுக்கமா உள்ள போனானுங்க. ரேசன் கடை வரிசை ஒரு அடி நகர்ந்துச்சு. ஜெயசிங் பாஸ்டரோட கொட்டாய்ல டிரம்ஸ் அடிச்சுக்கினு இருந்தவன் குச்சிய மடியில வெச்சிட்டான். இருவது நிமிசம் பேசினான், ஒரு நிமிசம் ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. சத்தியவாசகம் ஐயா, முப்பது வருசமா பிரசங்கம் சொல்லிக் குடுத்தவரு, தன்னையும் அறியாம நாற்காலிய இழுத்துக்கினு ஒரு அடி முன்னாடி போயிருந்தாரு. கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு.

"பாஸ்," ன்னாரு.

"எப்படி பாஸு?" ன்னாரு தங்கையா மூப்பரு, சட்டப் புத்தகத்தைப் புரட்டிக்கினே. "குரல் பீடத்தின் உயரத்திற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்னு போட்டிருக்குது ஐயா. நாலடிப் பீடத்துல நின்னுக்கினு நாலு ஊருக்குக் கேக்கிற மாதிரி கத்தினா அது ஃபெயிலு. ரெண்டு தடவை அதுக்குத்தானே ஃபெயிலாக்கினீங்க?"

"மூப்பரே, நாப்பதடி..."

"மினிட்ஸ்ல நாலு ஐயா."

ரெண்டு பேரும் பிரின்சிபாலைப் பார்த்தாங்க. அவரு தொறந்த கதவு வழியா மதில் மேல இருக்கிற ஜெயசிங் பாஸ்டரைப் பார்த்தாரு. பாஸ் போட்டா ஒசரத்தை ஒத்துக்கணும். ஒசரத்தை ஒத்துக்கிட்டா மரம் வளந்துச்சுன்னு ஒத்துக்கணும். அப்புறம் பரீட்சையில 'முடிந்துவிட்டது'ன்னு எழுதி மார்க்கு வாங்கின நூத்திருபது வருசத்து ஐயாமாருங்களுக்கு இன்னா பதிலு? அவரு குனிஞ்சுக்கினு மெதுவா சொன்னாரு. "ஃபெயில்."

அஞ்சலை அக்கா கரண்டியத் தூக்கிப் போட்டுட்டு வெளிய வந்து மேல பார்த்துக் கத்துச்சு. "யோவ் நெகேமியா! ஃபெயிலாம்யா!"

"ஏங்க்கா?"

"நாலடிப் பீடத்துக்குச் சத்தம் ஜாஸ்தியாம்!"

தபீத்தாளு மூஞ்சியும், மூட்டை கட்டின பாத்திரமும், மேலக்காட்டு நாப்பத்தோரு குடும்பமும் அவன் கண்ணு முன்னாடி போயிருக்கும். அப்புறம் பதில் வந்துச்சு.

"நாலடிதானா? அப்ப ஏணி எதுக்குக்கா, நான் குதிச்சே எறங்கிடுறேன்!"

ஒரு கால எடுத்துப் பெட்டிக்கு வெளிய போட்டான். கீழ இருந்து பார்த்தா அந்தச் செருப்பு சுண்டைக்காயாட்டம் தெரியுது. ஒசரத்துக்குப் பயந்தவன், கண்ண மூடியிருக்கான், தொடை நடுங்குறது மரத்துல தெரிஞ்சு பலாப்பழம் எல்லாம் ஆடுது.

"தம்பி, வேணாம்!" பிரின்சிபாலு எழுந்துட்டாரு.

"ஏன்யா வேணாம்? மினிட்ஸ்ல எவ்ளோன்னு படிங்கய்யா!"

தங்கையா மூப்பரு பக்கத்தைப் புரட்டிப் படிச்சாரு. "நான்கு அடி."

"அப்புறம் இன்னா! நாலடிக்கு எவனாச்சும் சாவுவானா? குதிக்கலாம்னா குதிக்கலாம்னு சொல்லுங்க, கூடாதுன்னா தீர்மானம் போட்டுச் சொல்லுங்க. நானு பிரஸ்பிட்டேரியன், தீர்மானம் இல்லாம கால உள்ள எடுக்க மாட்டேன்!"

"குதிக்கக் கூடாது என்று பிரேரிக்கிறேன்!" பிரின்சிபாலு கத்தினாரு.

"ஆமோதிக்கிறேன்!" சத்தியவாசகம் ஐயா அதுக்கும் மேல கத்தினாரு.

தங்கையா மூப்பரு பேனாவ எடுத்தாரு. எழுதல. முப்பத்தஞ்சு வருசம் ரிஜிஸ்டிரார் ஆபீஸ்ல வேலை பார்த்தவரு, சாவுற நேரத்துலயும் ஃபாரத்துல ஒரு கட்டத்தைக் காலியா வுட மாட்டாரு. "காரணம்னு ஒண்ணு எழுதணும் ஐயா. ஏன் குதிக்கக் கூடாது?"

"ஒசரம் மூப்பரே, ஒசரம்!"

"எவ்ளோ ஒசரம்னு எழுதட்டும் ஐயா?"

அந்தாண்ட மதில்ல பாதி சபையும் கழுத்த நீட்டிக்கினு நின்னுச்சு. தேனீ கூட நின்னு கேட்டுச்சுன்னு சொல்வேன், நீங்க நம்ப மாட்டீங்க. பிரின்சிபால் பாக்கியநாதன் ஐயா, ரெண்டு மாசத்துல மொத தடவையா தலையத் தூக்கி மேல பார்த்தாரு. பார்த்தாரு, பார்த்தாரு, பார்த்துக்கினே இருந்தாரு, கழுத்து வலிக்கிற வரைக்கும். அப்புறம் பெரிசா ஒரு மூச்சு வுட்டாரு.

"எழுதுங்க. நாப்பதடி."

"நாப்பத்தி ரெண்டுய்யா!" மேல இருந்து குரலு. "நிக்கிறவனுக்குத்தான் தெரியும்!"

"நாப்பத்தி ரெண்டு," ன்னு எழுதினாரு மூப்பரு. எழுதி, கீழ கோடு போட்டு, சட்டத்தைத் திரும்பப் பார்த்து, "நாப்பத்தி ரெண்டடிக்கு இந்தச் சத்தம் கரெக்ட்டுதான்," ன்னு அவரே பாஸ் போட்டுட்டாரு. அம்பது மார்க்கு. அதுக்கு மேல அவரு கையி போகாது, ரிஜிஸ்டிரார் ஆபீஸ் கையி.

ஏறுனவன் எறங்கத்தான் மூணு மணி நேரம் ஆச்சு. அந்தப் பக்கம் ஜெயசிங் பாஸ்டரு ஆளுங்க கயிறு கொண்டாந்தாங்க, இந்தப் பக்கம் பசங்க போர்வை புடிச்சுக்கினு நின்னாங்க. ரெண்டு சபையும் ஒரே போர்வையப் புடிச்சது வேடங்குளத்துல அதான் மொத தடவை. சேதி கேட்டு பஸ் புடிச்சு தபீத்தாளும் வந்துட்டா. புருசன் பாதி மரத்துல பலாப்பழத்தைக் கட்டிப் புடிச்சுக்கினு நிக்கிறதைப் பார்த்து, "யோவ் போதகரே, அந்தப் பழத்தை வுட்டுட்டு என்னை வந்து பாரு, பஸ்ஸு போயிடும்!"னு கத்தினா. அப்புறந்தான் மிச்சம் எறங்கினான்.

ஞாயித்துக்கெழமை மேலக்காட்டுல அவன் நின்னது சிமெண்டுப் பீடம், ரெண்டடி. இங்க செமினரியில கொள்கைக் கமிட்டி மூணு நாளு குந்திப் பேசி, கடைசியில ஒரு தீர்மானம் போட்டாங்க. போய்ப் பார்த்தா இன்னும் இருக்குது புக்குல: 'அற்புதங்கள் யாவும் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன. இந்தத் தகவல் மேற்படி மரத்திற்கு உரிய நேரத்தில் சென்று சேரவில்லை. சென்று சேர்க்க மூவர் கொண்ட கமிட்டி அமைக்கப்படுகிறது.' அந்த மூணு பேரும் தெனம் சாயங்காலம் மரத்தடியில போய் குந்தி, தகவல் சொல்லிட்டு, ஆளுக்கு நாலு சுளை துன்னுட்டு வர்றாங்க.

அவ்ளோதான். இன்னா, எழுந்துக்கிறீங்க? காதுல வாங்கினதுக்குக் கூலி யாரு குடுப்பா, உங்க மாமனாரா? கதைய நம்பினவங்க எனக்கு ஆளுக்கு ஒரு மசால் வடை வாங்கிக் குடுங்க, நம்பாதவங்க ரெண்டு. நம்பாமலே கடைசி வரைக்கும் வாயத் தொறந்துக்கினு கேட்டீங்க பாரு, அந்தத் திமிருக்கு. டீ தனி. சக்கரை தூக்கலா சொல்லுங்க, தொண்டை காஞ்சு போச்சு.